செவுளாகவும் செவியாகவும் ஆகும் வளைவுகள்

கருவுற்ற நான்காம் வாரத்தின் முடிவில் மனிதக் கருவின் நீளம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர்தான். அந்தச் சிறிய உருவத்திலேயே, தலைப் பகுதிக்குச் சற்றுக் கீழே, பிற்காலத்தில் முகத்தின் அடிப்பகுதியாகவும் கழுத்தாகவும் ஆகவிருக்கும் இடத்தில், இரு பக்கங்களிலும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தடித்த மடிப்புகள் எழுந்து நிற்பதையும், ஒவ்வொரு மடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு பள்ளம் ஓடுவதையும் உருப்பெருக்கியின் கீழே தெளிவாகக் காணலாம். இதற்கு நிகரான வளர்ச்சி நிலையில் உள்ள சுறாவின் கருவையோ கோழியின் கருவையோ எடுத்து வைத்தால் அங்கும் இதே மடிப்புகள் இதே இடத்தில், இதே வரிசையில் தென்படும். சுறாவில் அந்தப் பள்ளங்கள் துளைகளாகத் திறந்து, அவற்றின் ஓரங்களில் செவுள் இழைகள் முளைத்து, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை உறிஞ்சும் உறுப்பு உருவாகிறது. மனிதக் கருவில் அவை திறப்பதுமில்லை, செவுள் முளைப்பதுமில்லை. அதே மடிப்புகளிலிருந்து தாடையும், நடுக்காதின் சிற்றெலும்புகளும், நாக்கின் அடியைத் தாங்கும் ஹையாய்டு எலும்பும், குரல்வளையும், சிரிக்கவும் முகம் சுளிக்கவும் உதவும் தசைகளும், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவும், இரத்தத்தின் கால்சிய அளவைக் காக்கும் சுரப்பிகளும் பிறக்கின்றன.

இந்த மடிப்புகளைப் பழைய நூல்கள் செவுள் வளைவுகள் என்று குறித்தன. இன்றைய கருவியல் நூல்கள் தொண்டை வளைவுகள் என்று குறிப்பதையே விரும்புகின்றன. பாலூட்டிகளின் கருவில் இவற்றை முதலில் கண்டு எழுதியவர் ஜெர்மானிய உடற்கூற்றியலர் ஹைன்ரிஷ் ராட்கே. 1825இல் பன்றியின் கருவில் அவர் கண்ட பள்ளங்கள் அக்காலத்து அறிஞர்களைத் திகைக்க வைத்தன. மூன்றாண்டுகள் கழித்து, 1828இல், கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேர் இதற்கு ஒரு நிதானமான விளக்கம் தந்தார்: ஓர் உயர் விலங்கின் கரு இன்னொரு விலங்கின் வளர்ந்த உருவத்தை ஒருபோதும் ஒத்திருப்பதில்லை, அந்த விலங்கின் கருவை மட்டுமே ஒத்திருக்கிறது, வளர வளர இரண்டும் தத்தம் வழியில் விலகிச் செல்கின்றன. பின்னர் வந்த எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866இல் தொடங்கி இதற்கு நேர்மாறான ஒரு கருத்தை மிகுந்த செல்வாக்குடன் பரப்பினார். ஒவ்வொரு கருவும் தன் முன்னோரின் வளர்ந்த வடிவங்களை ஒவ்வொன்றாகக் கடந்து வருகிறது, ஆகவே மனிதன் கருப்பையில் சிறிது காலம் மீனாக இருக்கிறான் என்பது அக்கருத்தின் சாரம். கருக்களின் ஒற்றுமையைக் காட்ட அவர் வெளியிட்ட படங்கள் உண்மைக்கு மாறாக ஒன்றுபோலத் தீட்டப்பட்டவை என்ற குற்றச்சாட்டு அவர் காலத்திலேயே எழுந்தது. இன்றும் பள்ளிக்கூட மேடைகளில் ‘நாமெல்லாம் ஒரு காலத்தில் கருவறையில் செவுளோடு இருந்தவர்கள்’ என்று பேசுவோர் உண்டு. அது ஹெக்கலின் எச்சம். வளைவு என்பது செவுள் அன்று. செவுளும் செய்துகொள்ளலாம், செவியும் செய்துகொள்ளலாம் என்ற நிலையில் உள்ள பொதுவான கட்டுமானப் பொருளே அது. மீன் ஒரு வழியில் செல்கிறது, பாலூட்டி மற்றொரு வழியில் செல்கிறது.

ஒவ்வொரு வளைவின் உள்ளமைப்பும் ஏறத்தாழ ஒரே திட்டத்தில் அமைந்தது. வெளிப்புறத்தைப் புற அடுக்கும் தொண்டைப் பக்கத்தை அக அடுக்கும் போர்த்தியிருக்க, இடையில் தசையைத் தரும் நடு அடுக்குச் செல்களும், பின்னே விளக்கப்படவிருக்கும் நரம்பு முகட்டுச் செல்களும் நிறைந்துள்ளன. அந்த நடுப்பகுதியில் ஒரு குருத்தெலும்புத் தண்டு, ஒரு தமனி, ஒரு தசைத் தொகுதி, மூளையிலிருந்து நேராக வரும் ஒரு நரம்பு ஆகிய நான்கும் உருவாகின்றன. வளைவுகளுக்கு இடையே வெளிப்புறத்தில் விழும் பள்ளம் பிளவு எனவும், அதற்கு நேர் எதிரே தொண்டையின் உட்புறத்திலிருந்து வெளிநோக்கிப் புடைக்கும் பகுதி பை எனவும் வழங்கப்படும். வளைவுகளை ஒன்றிலிருந்து ஆறு வரை எண்ணுவது வழக்கமெனினும், மனிதக் கருவில் ஐந்தாவது வளைவு தோன்றுவதே இல்லை, தோன்றினாலும் சில நாட்களில் மறைந்துவிடுகிறது. ஆகவே எண்ணிக்கை நான்கிலிருந்து ஆறுக்குத் தாவுகிறது.

இந்த அமைப்பில் ஒரு விதி பெரும்பாலும் மீறப்படுவதில்லை. ஒரு வளைவில் பிறந்த தசை உடலில் எங்கு குடிபெயர்ந்தாலும், எத்தனை மெல்லிய இழைகளாகப் பிரிந்தாலும், அது பிறந்த வளைவின் நரம்பையே கடைசிவரை தன்னோடு வைத்துக்கொள்கிறது. வளர்ந்த மனிதனின் தலையிலும் கழுத்திலும் நரம்புகள் ஓடும் வழி முதலாண்டு மருத்துவ மாணவர்களை மலைக்கச் செய்வது. ஒழுங்கே இல்லாதது போலத் தோன்றும் அந்தச் சிக்கலுக்குள் ஒழுங்கைக் காட்டுவது இந்த ஒரு விதிதான்.

முதல் வளைவைத் தாடை வளைவு என்பர். மென்று உண்ணப் பயன்படும் தசைகள் அனைத்தும் இதில் பிறந்தவை. இதற்குரியது ஐந்தாவது மூளை நரம்பான முக்கிளை நரம்பு. இதன் குருத்தெலும்புத் தண்டுக்கு, அதை விவரித்த யோஹான் ஃப்ரீட்ரிஷ் மெக்கலின் பெயரால் மெக்கல் குருத்தெலும்பு என்று பெயர். சுறாவில் கீழ்த்தாடையாக நிலைப்பது இந்தத் தண்டுதான். லாம்ப்ரே போன்ற தாடையற்ற நீர்வாழ் உயிரினங்களிலும் முதல் வளைவு உண்டு, ஆனால் அதிலிருந்து தாடை உருவாவதில்லை. செவுளைத் தாங்கிய ஒரு வளைவுதான் முன்னோக்கி நகர்ந்து, நடுவில் மடங்கி, மேலும் கீழுமாகக் கடிக்கும் தாடையாயிற்று என்ற கருத்தைப் 19ஆம் நூற்றாண்டில் கார்ல் கெகன்பவர் முன்வைத்தார். அதன் நுணுக்கங்கள் இன்றும் விவாதத்தில் உள்ளன. மனிதனில் மெக்கல் குருத்தெலும்பு தாடையாக மாறுவதில்லை. அதன் வெளிப்புறத்தைச் சுற்றிப் புதிதாக ஓர் எலும்பு படிந்து தாடையாக, குருத்தெலும்பின் பெரும்பகுதி கரைந்து போகிறது. கரையாமல் எஞ்சுவது அதன் பின்முனை; அந்த எச்சம் சென்று சேரும் இடமே முதுகெலும்பிகளின் உடற்கூற்றியலில் மிக வியப்பான அத்தியாயம்.

மனிதனின் நடுக்காதில், செவிப்பறைக்கு உட்புறத்தில், சுத்தி, பட்டடை, அங்கவடி என்று பெயரிடப்பட்ட மூன்று சிற்றெலும்புகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன. செவிப்பறையின் அதிர்வை அவை உட்காதின் திரவத்துக்குக் கடத்துகின்றன. பல்லி, ஆமை, கோழி ஆகியவற்றின் நடுக்காதில் இருப்பதோ ஒரே ஒரு சிற்றெலும்பு. மீதி இரண்டு பாலூட்டிக்கு எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு 1837இல் கார்ல் ரைகெர்ட் பன்றியின் கருக்களை வயது வரிசையில் அறுத்துப் பார்த்து விடை கண்டார். மெக்கல் குருத்தெலும்பின் பின்முனையே சுத்தி எலும்பாகத் துண்டுபடுகிறது. அதை அடுத்து முதல் வளைவின் மேற்பகுதியிலிருந்து பட்டடை எலும்பு பிறக்கிறது. ஊர்வனவற்றில் கீழ்த்தாடையின் கடைசி எலும்பும், அது பொருந்தும் மேல்தாடையின் எலும்பும் இதே இடத்தில், இதே முறையில் பிறக்கின்றன. சுருங்கச் சொன்னால் ஓணானும் முதலையும் வாய் திறந்து மூடும் தாடை மூட்டு எதுவோ, அதுவே பாலூட்டியில் சுத்திக்கும் பட்டடைக்கும் இடையிலுள்ள மூட்டு. பின்னர் எர்ன்ஸ்ட் கௌப் இதை விரிவாக நிறுவியதால் இருவர் பெயராலும் இக்கோட்பாடு வழங்குகிறது.

கருவில் கண்டது வெறும் தோற்ற ஒற்றுமையாக இருக்கலாமே என்ற ஐயத்துக்குப் பாறைகள் பதில் சொல்லின. தாடை மூட்டைக் காதுக்குக் கொடுத்துவிட்டால் அந்த விலங்கு எதைக் கொண்டு மென்று தின்றிருக்கும் என்பது எதிர்ப்பாளர்களின் நியாயமான வினா. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மோர்கனூகோடான் என்ற மூஞ்சூறு அளவு விலங்கின் மண்டையோட்டில் பழைய மூட்டும் புதிய மூட்டும் அருகருகே ஒரே சமயத்தில் இயங்கியதைக் காண முடிகிறது. புதியது சுமையை ஏற்றுக்கொண்ட பிறகே பழையது சுருங்கிச் செவிக்கென ஒதுங்கியது. சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் கிடைத்து 2007இல் வெளியிடப்பட்ட யானோகோனோடான் என்ற புதைபடிவத்தில், காதெலும்புகள் வடிவத்தில் பாலூட்டிக்குரியனவாக ஆகிவிட்டபோதும், எலும்பாக இறுகிய மெக்கல் குருத்தெலும்பின் வழியே தாடையோடு இன்னும் ஒட்டியிருந்தன. மனிதக் கருவிலும் சுத்தி எலும்பு சில வாரங்களுக்கு மெக்கல் குருத்தெலும்போடு தொடர்ச்சியாகவே இருக்கிறது. பைப்பாலூட்டியான ஒப்போசத்தின் குட்டி பிறக்கும்போது அதன் காதெலும்புகள் கீழ்த்தாடையோடு சேர்ந்தே உள்ளன. தாயின் முலைக்காம்பைப் பற்றியபடி வளரும் வாரங்களில்தான் அவை பிரிந்து பின்னே செல்கின்றன. கருவியலும் புதைபடிவவியலும் ஒன்றையொன்று இவ்வளவு நெருக்கமாகச் சரிபார்த்துக்கொண்ட இடம் உயிரியலில் வேறு அதிகமில்லை.

மூன்றாவது எலும்பான அங்கவடியின் வரலாறு வேறு. மனித உடலின் எலும்புகளில் மிகச் சிறிய இது, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உயரமுள்ளது, இரண்டாம் வளைவில் பிறக்கிறது. மீன்களில் இதே இடத்தில் உள்ள எலும்பு, தாடையை மண்டையோட்டோடு முட்டுக்கொடுத்துத் தாங்கும் தடித்த தூணாகும். நிலத்தை நாடிய முதுகெலும்பிகளில் தாடை மண்டையோட்டோடு நேராகப் பிணைந்துவிட, வேலையிழந்த அந்தத் தூண் மெலிந்து அதிர்வைக் கடத்தும் குச்சியாயிற்று. அதன் அருகே, முதல் வளைவுக்கும் இரண்டாம் வளைவுக்கும் இடையே, மீனில் உள்ள முதல் செவுள் பிளவின் எச்சத்தைக் கடற்கரைச் சந்தையில் திருக்கை வாங்குவோர் எவரும் பார்க்கலாம்: கண்ணுக்குச் சற்றுப் பின்னால் இரு பக்கமும் உள்ள துளைதான் அது. வாய் அடிப்பக்கம் இருக்க மணலில் படுத்துக் கிடக்கும் திருக்கை, மணல் கலவாத நீரை இத்துளை வழியே உள்ளிழுத்துச் செவுளுக்கு அனுப்புகிறது. மனிதனில் முதல் பை நடுக்காதின் அறையாகவும், அதைத் தொண்டையோடு இணைக்கும் யூஸ்டேஷியன் குழலாகவும் ஆகிறது. முதல் பிளவு வெளிக்காதின் துளையாகிறது. இரண்டுக்கும் இடையே கிழியாமல் நின்றுவிட்ட மெல்லிய தடுப்பு செவிப்பறையாகிறது. சளி பிடித்தால் காது அடைப்பதற்கும், தொண்டைப் புண் குழந்தைகளுக்குக் காதுவலியாக ஏறுவதற்கும் இந்தப் பழைய வழி திறந்தே இருப்பதுதான் காரணம்.

இரண்டாம் வளைவின் நரம்பு ஏழாவது மூளை நரம்பான முக நரம்பு. இவ்வளைவின் தசைகள் கருவில் கழுத்துப் பகுதியிலிருந்து மேலேறி முகமெங்கும் மெல்லிய விரிப்பாகப் பரவுகின்றன. நெற்றியைச் சுருக்குவதும், கண்ணை இறுக மூடுவதும், புன்னகைப்பதும் இவற்றின் வேலை. ஒரே ஒரு சிறு தசை மட்டும் பிறந்த இடத்தை ஒட்டியே நின்று அங்கவடி எலும்பைப் பற்றிக்கொள்கிறது; பேரொலி எழும்போது அந்த எலும்பை இழுத்துப் பிடித்து உட்காதைக் காப்பது அதன் பணி. முகவாதம் வந்து ஒரு பக்கம் வாய் கோணிப்போனவர்களில் சிலர், அந்தப் பக்கத்துக் காதில் சாதாரண ஓசைகூட இடிபோல் கேட்பதாகக் கூறுவதற்கு இதுவே காரணம். அவர்களால் உணவைக் கடித்து மெல்ல முடியும், ஏனெனில் மெல்லும் தசைகள் முதல் வளைவுக்கு, முக்கிளை நரம்புக்கு உரியவை. ஆனால் கன்னத்தின் தசை முக நரம்புக்கு உரியதாகையால் சோறு பல்லுக்கும் கன்னத்துக்கும் இடையே தங்கிவிடும். சுத்தி எலும்பை இழுக்கும் மற்றொரு சிறு தசையோ முக்கிளை நரம்பால் இயங்குகிறது. அந்த எலும்பு தாடை வளைவிலிருந்து வந்தது என்பதை இன்றும் அந்த நரம்பு நினைவுபடுத்துகிறது.

மூன்றாம் வளைவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஹையாய்டு எலும்பின் கீழ்ப்பகுதியும், தொண்டையை உயர்த்தும் ஒரே ஒரு தசையும், கழுத்தில் துடிப்பு பார்க்கும் தமனியும் அதன் பங்கு. நான்காம், ஆறாம் வளைவுகள் சேர்ந்து குரல்வளையின் குருத்தெலும்புகளையும் தசைகளையும் தருகின்றன. இவற்றின் நரம்பு வேகஸ் எனப்படும் பத்தாவது மூளை நரம்பின் கிளைகள். அந்தக் கிளைகளில் ஒன்றின் பாதைதான் உடற்கூற்றியலில் பெயர்பெற்ற விந்தை.

மீனில் இதயம் செவுளுக்கு அருகிலேயே உள்ளது. இதயம் தள்ளும் இரத்தம் ஒவ்வொரு வளைவின் தமனி வழியாகவும் மேலேறிச் செவுளில் ஆக்சிஜன் பெற்று உடலுக்குச் செல்கிறது. ஒவ்வொரு தமனிக்கும் பக்கத்தில் அதன் நரம்பு செல்கிறது. மனிதக் கருவிலும் தொடக்கத்தில் இதயம் தொண்டைக்குக் கீழேதான் உள்ளது. பிறகு கழுத்து நீள, இதயம் மார்புக்குள் இறங்க, வளைவுத் தமனிகளும் அதோடு இறங்குகின்றன. ஆறாம் வளைவின் தமனிக்குக் கீழே ஓடி குரல்வளையை அடைந்த நரம்பு, இறங்கும் உத்தரத்தின் கீழே மாட்டிக்கொண்ட கயிறு போல, அதனுடன் மார்புக்குள் இழுக்கப்படுகிறது. ஆகவே வளர்ந்த மனிதனில் இடப்பக்கத்து நரம்பு மூளையிலிருந்து புறப்பட்டு, தான் செல்ல வேண்டிய குரல்வளையைத் தாண்டி, மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றி, மீண்டும் கழுத்துக்கு ஏறி வருகிறது. மீள் குரல்வளை நரம்பு என்று பெயர் பெற்ற இது, ஒட்டகச்சிவிங்கியில் சில சென்டிமீட்டர் தொலைவைக் கடக்க 4 மீட்டருக்கும் மேல் சுற்றுகிறது. மாபெரும் டைனோசர்களில் ஒன்றான சூப்பர்சாரஸில் இதே நரம்பு ஏறத்தாழ 28 மீட்டர் நீண்டிருக்க வேண்டும் என்று 2012இல் மாத்யூ வெடல் கணக்கிட்டார். புதிதாகத் திட்டமிடும் எந்தப் பொறியாளரும் இப்படிக் கம்பி இழுக்கமாட்டார்; இருப்பதை அறுக்காமல் நீட்டிக்கொண்டே போகும் வளர்ச்சிக்கு மட்டுமே இப்படிப்பட்ட பாதை வாய்க்கும்.

வலப்பக்கத்தில் ஆறாம் வளைவுத் தமனியின், நரம்பு மாட்டியிருந்த பகுதி மறைந்துவிடுவதால், நரம்பு நான்காம் வளைவிலிருந்து வந்த கைத்தமனியின் கீழே மாட்டி, அவ்வளவு ஆழம் இறங்காமல் திரும்புகிறது. மிகச் சிலரில் வலது நான்காம் வளைவுத் தமனியும் கருவிலேயே மறைந்துவிடுகிறது. அவர்களின் வலது நரம்பு எதிலும் சிக்காமல் கழுத்திலேயே நேராகக் குரல்வளைக்குச் செல்கிறது. நரம்பு வளைந்து செல்வது தமனியால்தான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. தைராய்டு அறுவைச் சிகிச்சை செய்வோர் இந்த விதிவிலக்கை மனத்தில் வைத்துக்கொண்டே கத்தியைப் பிடிக்கிறார்கள், ஏனெனில் அந்த நரம்பு அறுபட்டால் குரல் போய்விடும். 1897இல் வியன்னாவின் நோர்பர்ட் ஓர்ட்னர், இதயத்தின் இடப்புற வால்வு சுருங்கி, வீங்கிய இதயம் இடப்பக்கத்து நரம்பை நெருக்கும் நோயாளிகளுக்குக் குரல் கம்முவதைக் குறிப்பிட்டார். ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெடுவது இந்தியாவில் இன்றும் அரிதல்ல. ஆகவே நாள்பட்ட குரல் கம்மலுக்குக் காரணம் தொண்டையில் இல்லாமல் மார்பில் இருக்கக்கூடும் என்பது இங்கே ஏட்டுச் செய்தி மட்டுமன்று.

ஆறாம் வளைவின் தமனியிலிருந்து நுரையீரல் தமனிகள் பிறக்கின்றன. இடப்பக்கத்தில் அதன் மீதிப் பகுதி, கரு மூச்சு விடாத மாதங்களில் இரத்தம் நுரையீரலைத் தவிர்த்துப் பெருந்தமனிக்குச் செல்ல உதவும் குறுக்குக் குழாயாக இருந்து, பிறந்த சில நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. மூடாத குழாயை முதன்முதலில் வெற்றிகரமாகக் கட்டி அடைத்தவர் பாஸ்டனின் ராபர்ட் கிராஸ், ஆண்டு 1938. பெருந்தமனியின் வளைவு பாலூட்டிகளில் இடது நான்காம் வளைவிலிருந்தும் பறவைகளில் வலது நான்காம் வளைவிலிருந்தும் வருகிறது என்பதும் இங்கே சேர்த்துச் சொல்லத்தக்கது.

வளைவுகளின் உட்புறப் பைகளிலிருந்து சுரப்பிகள் பிறக்கின்றன. இரண்டாம் பையின் இடத்தில் டான்சில் அமைகிறது. மூன்றாம் பை, நோய் எதிர்ப்புச் செல்கள் பயிற்சி பெறும் தைமஸ் சுரப்பியையும் கீழ்ப் பாராதைராய்டுச் சுரப்பிகளையும் தருகிறது; நான்காம் பை மேல் பாராதைராய்டுகளைத் தருகிறது. தைராய்டின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாராதைராய்டுகள் பொதுவாக நான்கு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 முதல் 40 மில்லிகிராம் எடையுள்ளவை. இவற்றை முதலில் கண்டது மனிதனில் அன்று: 1849இல் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் இறந்த இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்த ரிச்சர்ட் ஓவன் கண்டார். மனிதனில் இவை உண்டென 1880இல் எழுதியவர் சுவீடனின் உப்சாலாவில் மருத்துவம் பயின்ற ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம். பெயரில் தைராய்டு இருந்தாலும் தைராய்டோடு இவற்றுக்குத் தொழில்வழியில் உறவில்லை. இரத்தத்தில் கால்சியம் குறையும்போது எலும்பிலிருந்து அதை எடுத்துக் கொடுக்கும் ஹார்மோனைச் சுரப்பதே இவற்றின் பணி.

மீனுக்குப் பாராதைராய்டு இல்லை. கால்சியம் சுற்றியுள்ள நீரிலேயே இருப்பதால் செவுள் வழியாக எடுத்துக்கொள்கிறது. 2004இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் மசதாகா ஒகாபேயும் அந்தோணி கிரஹாமும் வெளியிட்ட ஆய்வில், பாராதைராய்டு உருவாகக் கட்டாயம் தேவைப்படும் ஜிசிஎம்-2 என்ற மரபணு வரிக்குதிரை மீனிலும் சுறாவிலும் செவுள்களில் இயங்குவதும், பாராதைராய்டு ஹார்மோனையே மீனின் செவுள் உண்டாக்குவதும் தெரியவந்தன. நீரை விட்டு வெளியே வந்தபின் கால்சியத்தை நீரிலிருந்து பெறும் வழி அடைபட, அதைக் கண்காணித்த திசு உடலுக்குள் தங்கி, எலும்பையே சேமிப்பறையாக வைத்துக் கணக்குப் பார்க்கத் தொடங்கியது என்பது அவர்களின் விளக்கம். மனித உடலில் செவுளுக்கு உண்மையிலேயே வாரிசு ஒன்று உண்டென்றால், தாடையையோ காதையோ விட அந்த உரிமைக்கு நெருக்கமானது இந்தச் சுரப்பிதான். கீழ்ப் பாராதைராய்டுகள் தைமஸோடு சேர்ந்து கழுத்திலிருந்து மார்பை நோக்கிப் பயணம் செய்வதால் வழியில் எங்கு வேண்டுமானாலும் தங்கிவிடக்கூடும். தாடைக் கோணத்திலிருந்து மார்புக்கூடுவரை அவற்றைத் தேடிய அறுவை மருத்துவர்கள் பலர்.

வளைவுகளின் குருத்தெலும்பும் எலும்பும் எதனால் ஆனவை என்பது நெடுங்காலம் தவறாகவே கருதப்பட்டது. எலும்பு எதுவானாலும் நடு அடுக்கிலிருந்தே பிறக்கும் என்பது 19ஆம் நூற்றாண்டின் அசைக்க முடியாத நம்பிக்கை. 1893இல் அமெரிக்கரான ஜூலியா பிளாட், நீர்வாழ் இருவாழ்வி ஒன்றின் கருவை ஆராய்ந்து, தலையின் குருத்தெலும்புகள் புற அடுக்கிலிருந்து வரும் செல்களால் ஆனவை என்று எழுதினார். அறிஞர் உலகம் அதை ஏற்கவில்லை. ஃப்ரைபர்கில் முனைவர் பட்டம் பெற்றும் பல்கலைக்கழகப் பணி கிடைக்காத அவர் ஆய்வைக் கைவிட்டு, பின்னாளில், 1931இல், கலிபோர்னியாவின் பசிபிக் குரோவ் நகரத்துக்கு மேயரானார். அவர் சொன்னது சரி. மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகவிருக்கும் குழாய் மூடும்போது அதன் விளிம்பிலிருந்து உதிர்ந்து புறப்படும் நரம்பு முகட்டுச் செல்களே வளைவுகளுக்குள் நடந்து சென்று முகத்தின் எலும்புகளாகின்றன. 1969 முதல் பிரான்சின் நிக்கோல் லெ டுவாரன், காடையின் செல்களைக் கோழிக் கருவில் பதியமிட்டு, உருப்பெருக்கியில் வேறுபடுத்திக் காணத்தக்க காடைச் செல்கள் எங்கெங்கு போய்ச் சேர்கின்றன என்று பின்தொடர்ந்தபோது ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

எந்த வளைவில் இருக்கிறோம் என்பதை இச்செல்கள் ஹாக்ஸ் வகை மரபணுக்களின் வழியே அறிகின்றன. முதல் வளைவில் அவ்வகை மரபணு எதுவும் இயங்குவதில்லை. இரண்டாம் வளைவில் ஹாக்ஸ்-ஏ2 இயங்குகிறது. 1993இல் இந்த ஒரு மரபணுவை நீக்கிய எலிகளில், அங்கவடி இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு சுத்தியும் இன்னொரு பட்டடையும், கண்ணாடியில் தெரியும் பிம்பம்போலத் திரும்பிய நிலையில் உருவாகியிருந்தன. ஒரு மரபணு இல்லாததால் இரண்டாம் வளைவு தன்னை முதல் வளைவென்றே எண்ணிக்கொண்டுவிட்டது.

இவ்வளவு உறுப்புகள் ஒரு சில வாரங்களில் ஒரே இடத்தில் கட்டப்படுவதால் பிழைகளும் அங்கேயே சேர்ந்து நிகழ்கின்றன. கழுத்தின் பக்கவாட்டில் இளவயதில் புடைத்தெழும் நீர்க்கட்டிகள் பல, மூடாமல் எஞ்சிய இரண்டாம் பிளவின் பகுதிகள். காதுமடலுக்கு முன்னே சிலருக்குப் பிறவியிலேயே ஊசி குத்தியது போன்ற சிறு துளை காணப்படும். அதைச் செவுளின் எச்சம் என்று மக்கள் அறிவியல் நூல்கள் சில கவர்ச்சியாக எழுதுவதுண்டு. அது சரியன்று. முதல் இரண்டு வளைவுகளிலும் எழும் ஆறு சிறு மேடுகள் கூடிக் காதுமடலாகும்போது முழுமையாக ஒட்டாமல் விட்ட இடமே அத்துளை. நரம்பு முகட்டுச் செல்கள் போதிய அளவில் உருவாகாத ட்ரீச்சர் காலின்ஸ் நோய்க்கூட்டில் கன்ன எலும்பும் தாடையும் காதும் ஒருசேரக் குறைபடுகின்றன. 22ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு இல்லாமல் பிறக்கும் குழந்தைகளில் தைமஸ் குறைவு, கால்சியக் குறைவால் வலிப்பு, இதயத்திலிருந்து புறப்படும் தமனிகளில் கோளாறு ஆகியவை சேர்ந்து வருவதுண்டு. ஆஞ்சலோ டிஜார்ஜ் 1965இல் விவரித்த இந்நோயில் ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தெரியும் மூன்று குறைகளும் மூன்றாம், நான்காம் வளைவுகளின் அருகே நேர்ந்த ஒரே பிழையின் விளைவுகள்.

இதே பிழையை ஒரு மாத்திரையும் உண்டாக்கக்கூடும். கடுமையான முகப்பருவுக்கு 1982 முதல் விற்கப்படும் ஐசோட்ரெட்டினோயின், வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. ஹாக்ஸ் மரபணுக்களை எங்கே எப்போது இயக்குவது என்பதைக் கருவுக்குள் தீர்மானிக்கும் இயற்கையான பொருளுக்கு மிக நெருங்கிய உறவு. கருவுற்ற முதல் வாரங்களில் தாயின் உடலில் இம்மருந்து இருந்தால் காது, தாடை, தைமஸ், இதயத் தமனிகள் ஆகியவை குறைபட்ட குழந்தை பிறக்கும் ஆபத்து மிக அதிகம். வளைவுகள் தோன்றும் நான்காம் வாரத்தில் தாய்மை அடைந்திருப்பதே பல பெண்களுக்குத் தெரிந்திருப்பதில்லை. ஆகவே தோழியின் மருந்துச் சீட்டைக் காட்டியோ, கடைக்காரர் சொல்லை நம்பியோ இம்மாத்திரையை எவரும் வாங்கி உண்ணக் கூடாது. தோல் மருத்துவரின் மேற்பார்வையில் உண்பவர்களும் கருத்தடையைக் கட்டாயம் கைக்கொண்டு, மருந்தை நிறுத்தி ஒரு மாதமாவது கழிந்த பின்னரே கருத்தரிக்க வேண்டும்.